எட்டடி இடமும் இரண்டு பேரும்

சாயங்காலக் கடைகளை எல்லாம் எடுத்துவிடப் போகிறார்களாம், அதற்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததே செங்கொடிதானாம். இதை ரேகாவிடம் சொன்னது ஒரு ஷேர் ஆட்டோக்காரர். அவருக்குச் சொன்னது ரேஷன் கடை வரிசையில் நின்ற ஒரு பெண். அந்தப் பெண்ணுக்கு யார் சொன்னார்கள் என்பது ரேகாவுக்குத் தெரியாது. ஆனால் காலை பதினொரு மணிக்குச் செங்கொடி வந்து தார்ப்பாயை விரித்தபோது, அந்தப் பேச்சு பீப்பாய்க்காரத் தெருவின் இரண்டு முனைகளையும் தொட்டுத் திரும்பியிருந்தது.

"இன்னாக்கா, ஆபீசருங்களோட டீ குடிச்சிகினே எல்லாருக்கும் ஆப்பு வெச்சிட்டியாமே?" என்றாள் ரேகா. பக்கத்து இடத்தில் வளையலும் ஹேர் கிளிப்பும் விற்பவள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். கேட்டுவிட்டு, செங்கொடியின் முகத்தைப் பார்க்காமல் வளையல் அட்டைகளை அடுக்கத் தொடங்கினாள்.

"யாரு சொன்னது?"

"யாரோ. போயி அடிக்கப் போறியா? எடத்துக்கு ஒரு பேருதானாம். அந்தப் பேருக்குத்தான் கார்டாம். வேற யாருனா குந்துனா சாமானத் தூக்கி லாரில போட்டுகினு பூடுவாங்களாம். உன் எடத்துக்கு உன் பேருதான் கீதாம்."

செங்கொடி கையிலிருந்த நைட்டியை மடிக்காமல் வைத்தாள். "ஃபாத்திமா பேரு?"

"அத்த நீதான் சொல்லணும்."

"சாய்ங்காலம் இங்க வடை போட அது ரெண்டு நாளா வரலியே. ஜுரம்னு நெனச்சேன்."

"ஜுரமா?" ரேகா இப்போது நிமிர்ந்து பார்த்தாள். "ஐய. நல்லா நெனச்ச போ."

இராயபுரத்துக்கும் தண்டையார்பேட்டைக்கும் நடுவில், துறைமுகத்துக் கிடங்குகளை முதுகில் சுமந்துகொண்டு நீளும் அந்தத் தெருவில் ஒரு காலத்தில் எண்ணெய்ப் பீப்பாய் விற்றார்களாம். இப்போது எவர்சில்வர் பாத்திரம், ஜவுளி, செல்போன் உறை, இரண்டு கல்யாண மண்டபம், ஒரு வங்கி. முகூர்த்த நாளில் அங்கே செருப்பு தொலைந்தால் குனிந்து தேட முடியாது. கடைகளுக்கு முன்னால், நடைபாதை என்று ஒன்று இருந்திருக்க வேண்டிய இடத்தில், முப்பத்தெட்டு நடைபாதைக் கடைகள். இதில் வெளியாட்களுக்கு விளங்காத ஒரு வழக்கம் உண்டு. ஓர் இடம் ஓர் ஆளுக்கு மட்டும் சொந்தமில்லை. விடிகாலை இட்லிச் சட்டி இருக்கும் இடத்தில் பத்தரைக்கு மேல் பிளாஸ்டிக் குடம் இருக்கும். பகலெல்லாம் துணி விரித்த இடத்தில் ஐந்து மணிக்கு அடுப்பு எரியும். ஆனால் இடத்துக்குப் பெயர் ஒன்றுதான். யார் அந்த இடத்துக்காக முதலில் சண்டை போட்டார்களோ அவர்கள் பெயர். கெங்கம்மா இறந்து ஆறு வருடம் ஆகிறது. அவள் உட்கார்ந்த இடத்தில் காலையில் ஒருவரும் மாலையில் ஒருவரும் இருக்கிறார்கள். இன்றைக்கும் அது 'கெங்கம்மா இடம்'தான். அதனால் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை, இந்த மாதம் வரைக்கும்.

மூடிக் கிடக்கும் பழைய கிடங்கின் சுவரோரம் எட்டடி, 'செங்கொடி இடம்'.

ஒரு பெண் வந்து டபுள் எக்ஸ்எல் கேட்டாள். செங்கொடி எக்ஸ்எல் எடுத்துக் கொடுத்தாள். அந்தப் பெண் திருப்பிக் கொடுத்ததும் மறுபடியும் எக்ஸ்எல்லையே எடுத்தாள். "இன்னாமா, நான் எளைச்சுட்டேன்னு முடிவே பண்ட்டியா?" என்று கேட்டுவிட்டு அவள் போனாள். போனை எடுத்து ஃபாத்திமாவின் பெயர் வரை தள்ளிப் பார்த்த செங்கொடி, அதை மறுபடி இடுப்பில் செருகினாள். கூப்பிட்டு என்ன சொல்வது? பேச்சு பொய் என்றா? அது முழுப் பொய்யாக இருந்தால் இந்நேரம் ரேகாவை நாலு வார்த்தை திட்டியிருப்பாளே. ஏன் திட்ட வரவில்லை?

செங்கொடி பிறந்தது புளியந்தோப்பில், வீட்டு வசதி வாரியக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், சங்கத்து ஆள். சங்கத்திலிருந்து அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தது மகளின் பெயர் ஒன்றைத்தான் என்று அம்மா சொல்லிச் சொல்லிக் காட்டுவாள். எட்டாவதோடு படிப்பு நின்றது. கணவர் கிருஷ்ணப்பன் எண்ணூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை பார்த்தார். இரும்புக் கயிறு அறுந்து இடது கையில் மூன்று விரல் போன பிறகு அதே யார்டில் வாட்ச்மேன். விரல் போன வருடம்தான் செங்கொடி நைட்டி மூட்டையோடு இந்தத் தெருவுக்கு வந்தாள். இருபத்திரண்டு வருடம் ஆகிறது. முதல் நான்கு வருடம் மாநகராட்சி வண்டி வரும்போதெல்லாம் மூட்டையைத் தூக்கிக்கொண்டு சந்தில் ஓடினாள். ஐந்தாவது வருடம் ஓடவில்லை. மூட்டையின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். "என்னியும் சேத்துத் தூக்கு நைனா" என்றாள். தூக்க வந்தவர் சிரித்துவிட்டார். அன்றிலிருந்து அது செங்கொடி இடம்.

ஃபாத்திமா வந்தது பதினொரு வருடத்துக்கு முன்னால். இறால் வடை போடுகிற சட்டியும் ஒரு ஸ்டவ்வும்தான் அவள் கையில். "அக்கா, நீ அஞ்சு மணிக்கு எழுந்து பூட்டா இந்த எடம் சும்மாதான கெடக்கும்? சொவுருக்கு இன்னா, காத்து வாங்குதா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியே செங்கொடிக்குப் பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து தினமும் ஐந்து மணிக்குச் செங்கொடி தார்ப்பாயை மடிப்பாள், ஃபாத்திமா ஒரு வாளித் தண்ணீர் அடித்துத் தரையைத் தேய்ப்பாள், எண்ணெய் காய்ந்ததும் முதல் வடையைக் காகிதத்தில் சுருட்டி செங்கொடியின் பையில் போடுவாள். பஸ் ஏறப் போகும் வரை பத்து நிமிடம் பேச்சு. பதினொரு வருடத்தில் இருவரும் சேர்ந்தாற்போல ஒரு மணி நேரம் உட்கார்ந்ததில்லை. ஆனால் ஃபாத்திமாவின் மகள் சபீஹாவுக்கு நர்சிங் சீட் கிடைத்ததும், கிருஷ்ணப்பனுக்குச் சர்க்கரை ஏறி இறங்கியதும், எல்லாம் அந்தப் பத்துப் பத்து நிமிடங்களில் பேசித் தீர்ந்தவை.

மூன்று வருடத்துக்கு முன்னால் கடைத்தெரு ஆலோசனைக் குழு என்று ஒன்றை அமைத்தார்கள். நெரிசலான கடைத்தெருக்களை அந்தந்த இடத்து ஆட்களைக் கேட்டு நடத்த வேண்டும் என்று ஏற்பாடு. வியாபாரிகள் சங்கத்தில் ஒருவர், குடியிருப்போர் பக்கம் ஒருவர், போக்குவரத்துப் போலீசில் ஒருவர், மாநகராட்சிப் பொறியாளர் ஒருவர், நடைபாதைக்காரர்களில் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர். ஓட்டு கேட்டு அலைந்தது செங்கொடி இல்லை, ஃபாத்திமா. தட்டில் வடை வைக்கும்போதே "எங்கக்காவுக்குப் போட்டாத்தான் சட்னி" என்பாள். ஒன்பது ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தாள் செங்கொடி.

கூட்டம் பழைய பள்ளிக்கூடக் கட்டடத்து மாடியில். முன்னால் மடித்து வைத்த அட்டையில் 'திருமதி செங்கொடி' என்று எழுதியிருந்தது. முதல் மூன்று கூட்டங்களில் அந்த அட்டையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டு வந்தாள். நாலாவது கூட்டத்தில் லாரிப் பிரச்சினை வந்தது. பள்ளி விடுகிற நாலு மணிக்குத்தான் கிடங்கு லாரிகள் பின்னால் வாங்கும். ஒரு பிள்ளையின் சைக்கிள் நசுங்கியிருந்தது. துறைமுகத்திலிருந்து சரக்கு எப்போது வெளியே வருகிறதோ அப்போதுதான் இறக்க முடியும் என்று பாலகணேஷ் சொன்னார். அவர் பாத்திரக் கடை முதலாளி, சாத்தான்குளத்துப் பக்கத்திலிருந்து அப்பா காலத்தில் வந்தவர், வியாபாரிகள் சங்கத்தின் ஆள். செங்கொடி அப்போதுதான் முதன்முதலாக வாயைத் திறந்தாள். "சார், எங்கூட்டுக்காரரு யார்டுல கீறாரு. உங்க கன்டெய்னரு நடுராத்திரியே வெளிய வந்துட்து. டிரைவரு ரோட்டோரம் வண்டிய போட்டு மத்தியானம் வரிக்கும் தூங்கறான். காலீல ஆறுலேந்து ஒம்பது தெரு காலி. அப்போ எறக்குங்க." பாலகணேஷ் ஒரு வாரம் டைம் கேட்டார். விசாரித்துவிட்டு, ஒத்துக்கொண்டார். இப்போது நாலிலிருந்து ஏழு வரை தெருவுக்குள் லாரி கிடையாது. அதற்கப்புறம் அவள் கேட்டுக் கழிப்பறை இரவு பத்து வரை திறந்திருந்தது. குப்பை வண்டி இரண்டு தடவை வந்தது. செங்கொடிக்கு நடை மாறிவிட்டது என்று ரேகா கேலி செய்தாள். மாறித்தான் இருந்தது.

அந்த நடையோடுதான் போன மாதம் நடைபாதைக் கடைகளைக் கணக்கெடுக்க வந்த மாநகராட்சி ஆட்களோடு தெரு நீளம் முழுக்க நடந்தாள். நல்ல வெயில், நடுப்பகல். ஒருவர் கையில் அளவு டேப், இன்னொருவர் கையில் அட்டையும் காகிதமும். ஒவ்வோர் இடத்திலும் நின்று "இது யார் இடம்மா?" என்று கேட்டார்கள். அவள் சொன்னாள். இது ரேகா இடம். இது கெங்கம்மா இடம். தெருவுக்குத் தெரிந்தபடியே சொன்னாள். கிடங்குச் சுவரருகே வந்ததும், "இது?" என்றார்கள்.

"எனுது" என்றாள்.

பிறகு கூட்டத்தில் பொறியாளர் அன்பரசன் முப்பத்தெட்டுப் பெயரையும் வாசித்தார். ஒவ்வொன்றுக்கும் செங்கொடி "சரி சார்" என்றாள். பதினேழாம் நம்பர், எட்டடி, செங்கொடி என்று வாசித்தபோது ஒரு நொடி ஃபாத்திமாவின் முகம் வந்து போனது. என்னமோ சொல்ல வேண்டும் போல் இருந்தது. அதற்குள் அவர் பதினெட்டுக்குப் போய்விட்டார். அரசாங்கக் காகிதத்தில் தன் பெயரை ஓர் ஆபீசர் வாய்விட்டுப் படிப்பது காதுக்கு நன்றாக இருந்தது என்பதும் உண்மை. அந்த நொடியைத்தான் அவளால் இப்போது விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

இரண்டு மணிக்குத் தார்ப்பாயை அப்படியே ரேகாவிடம் ஒப்படைத்துவிட்டுப் பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு நடந்தாள். கூட்டம் மூன்று மணிக்கு. கீழே அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டியிருந்தது. பதினேழுக்கு நேரே அவள் பெயர். அதற்குக் கீழே விதிகள். அட்டை பெயருக்குரியவருக்கு மட்டுமே. இடத்தைப் பிறருக்கு விட்டால் அட்டை ரத்து. இரண்டாவது வரியை மூன்று தடவை எழுத்துக் கூட்டிப் படித்தாள். ஆக, ஃபாத்திமாவை இனிமேல் உட்காரச் சொன்னால் இவளுக்கும் இடம் போய்விடும். சொல்லாவிட்டால் சாயங்காலமும் இவளுக்கே. முகூர்த்தக் கூட்டமெல்லாம் சாயங்காலம்தானே வருகிறது என்று ஒரு நினைப்பு எங்கிருந்தோ ஓடிவந்தது. அதை யாராவது பார்த்துவிட்டார்களோ என்பதுபோல் திரும்பிப் பார்த்தாள். யாருமில்லை. படியேறினாள், பாதியில் இறங்கினாள், தண்ணீர் குடித்தாள், மறுபடி ஏறினாள். மாடியில் நாற்காலிகளைக்கூட இன்னும் போடவில்லை.

கூட்டம் தொடங்கியதும் அன்பரசன், "நடைபாதைக் கடைப் பட்டியல் இன்னிக்கு அஞ்சு மணிக்கு மேலிடத்துக்குப் போகுது. எல்லாரும் கடைசியா ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க" என்றார். காகிதம் சுற்றி வந்தது. போலீஸ்காரர் போட்டார். குடியிருப்போர் சார்பில் வந்திருந்த பெரியவர் கண்ணாடி தேடிப் போட்டார். செங்கொடியிடம் வந்தபோது அவள் காகிதத்தின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"சார், இது தப்பு."

"எதும்மா தப்பு?"

"எல்லாமே. எடத்துக்கு ஒரு பேருதான் போட்டுகிறீங்க. பதினாலு எடத்துல ரெண்டு பேரு குந்துறாங்க. காலீல ஒராளு, சாய்ங்காலம் ஒராளு."

பாலகணேஷ் நாற்காலியில் சாய்ந்தார். "என்னம்மா நீங்க? போன மாசம் ஒவ்வொண்ணா வாசிச்சாரு, நீங்க சரி சரின்னு தலையாட்டுனீங்க. நானும் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். இப்ப வந்து தப்புன்னா எப்படிங்கேன்? நாங்க வாய் தவறிச் சொன்னா விட்டுருவீங்களா?"

"நான்தான் சார் சொன்னேன். தப்பு எம்மேலதான்."

அவள் ஒத்துக்கொண்டது பாலகணேஷுக்கே கொஞ்சம் சங்கடமாகிவிட்டது. தொண்டையைச் செருமினார். அன்பரசன் விடவில்லை. "அம்மா, நீங்க இவங்களோட பிரதிநிதி. யாரோட இடம்னு கேட்டோம், சொன்னீங்க. அதை வெச்சுத்தான் எழுதினாங்க."

"ஆமா சார். யாரு எடம்னு கேட்டீங்க, எடத்தோட பேரச் சொன்னேன். யாரு குந்துறாங்கன்னு கேக்கவேல்ல. தோ, பத்தொம்பதாம் நம்பரு பாருங்க. இன்னா பேரு போட்டுகிறீங்க?"

"கெங்கம்மா."

"சரின்னு சொன்னனா?"

"சொன்னீங்க."

"கெங்கம்மா செத்து ஆறு வருஷம் ஆச்சு சார். நாந்தான் மாலை போட்டேன். அவங்களுக்குக் கார்டு குடுக்கறதுன்னா எங்கப் போயிக் குடுப்பீங்க?"

போலீஸ்காரர் சிரித்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினார். அன்பரசன் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இறந்தவர் பெயரோடு பட்டியல் அனுப்பினால் யார் பதில் சொல்ல வேண்டும் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. "நேரம் போட்டு ரெண்டு பேர் எழுதற மாதிரி ஒரு படிவம் இருக்குதான்" என்றார், யாரிடமோ சண்டை போடுவதுபோல. "ஆனா அதுக்குக் குழு சம்மதிக்கணும். ஆள் நேர்ல, அந்த இடத்துலயே நிக்கணும். ஆதார் வேணும். பட்டியல்ல பேர் உள்ளவரும் பக்கத்துல நின்னு கையெழுத்துப் போடணும். இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள. அதுக்கு மேல எங்கையில இல்ல."

எல்லோரும் பாலகணேஷைப் பார்த்தார்கள். அவர் கடை வாசலிலேயே இரண்டு இடங்கள் இருந்தன. "ரெண்டு பேருன்னு எழுதிட்டா நாளைக்கு மூணுன்னு வருவீங்க" என்றார்.

"அவங்க புச்சா வரப்போறதில்ல சார். இப்பவே கீறாங்க. நீங்க சாய்ங்காலம் கடையில குந்திகினு ஆள அனுப்பி எறா வடை வாங்கறீங்களே, அது யாருகிட்டன்னு நெனச்சீங்க?"

"அந்தப் பாய் வீட்டம்மா நல்லாத்தான் போடுதாங்க" என்றார் பாலகணேஷ். "நேரம் தெளிவா எழுதணும் சார். அஞ்சுன்னா அஞ்சு. நாலரைக்கே அடுப்பு வந்திரப்பிடாது." பேனாவை எடுத்தார்.

மணி மூன்றே முக்கால்.

செங்கொடி படியில் இறங்கும்போதே ரேகாவுக்கு போன் செய்தாள். "சாய்ங்காலக் கடை ஆளுங்க எல்லாரையும் வரச் சொல்லு. ஆதாரோட. அவங்கவங்க எடத்துல வந்து நிக்கச் சொல்லு. இப்பவே." பேச்சு எந்த வேகத்தில் பரவியதோ அதே வேகத்தில் இதுவும் பரவியது. சாயங்காலக்காரர்கள் நாலு மணி வெயிலில் அந்தத் தெருவில் நின்று யாரும் பார்த்ததில்லை. சுண்டல் விற்பவள் தலைக்குக் குளித்த ஈரத்தோடு துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தாள். சூப்புக் கடைக்காரர் கைலியோடு ஓடிவந்தார். மல்லிப்பூ விற்கும் மகிமா, தூங்கின கன்னத்தில் பாயின் தடத்தோடு வந்து நின்று, "போட்டோ எடுப்பாங்களா? சொல்லிருந்தா பொட்டாவது வெச்சிகினு வந்திருப்பேனே" என்றாள். அன்பரசன் போனைத் தூக்கிப் பிடித்து இடத்தையும் ஆளையும் எடுத்தார். காகிதத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். கெங்கம்மா இடத்தில் நின்ற இருவரைப் பார்த்து, "உங்க ரெண்டு பேர்ல யார் கெங்கம்மா?" என்று சலித்துக்கொண்டே கேட்டு, பெயரை அடித்து எழுதினார்.

செங்கொடி அவருக்கு முன்னால் போனாள், பின்னால் போனாள், இவர்கள் கையெழுத்துப் போடும்போதே அடுத்த இடத்துக்கு ஓடினாள். பதினேழைக் கடந்து இரண்டு தடவை போனாள். ஃபாத்திமாவுக்கு மட்டும் இவள் போன் செய்யவில்லை. காகிதத்தில் வழி பிறந்த பிறகு, கையில் ஏதாவதோடு கூப்பிடலாம் என்று காலையில் நினைத்தாள். வழி பிறந்து ஒரு மணி நேரம் ஆகப்போகிறது. இன்னும் கூப்பிடவில்லை. ரேகா சொல்லியிருப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பதின்மூன்று இடம் முடிந்தது. கிடங்குச் சுவரருகே வந்து அன்பரசன் நின்றார். "பதினேழு. இது உங்களோடதில்ல? இன்னொருத்தர் எங்கே?"

செங்கொடி ரேகாவைப் பார்த்தாள். "சொன்னியா?"

"அதுக்கு நான் சொல்லல. அத்த நீ சொல்லுவன்னு நெனச்சேன். உன் தோஸ்துதான?"

"இப்ப அடி. உன் நம்பர்லேந்து அடி."

"எனுதுலேந்து எதுக்கு?"

"என் நம்பரப் பாத்தா எடுக்காது. அடிடி."

ரேகா முனகிக்கொண்டே அடித்து, சத்தமாகக் கேட்கும்படி வைத்தாள். இரண்டாவது மணியிலேயே ஃபாத்திமா எடுத்தாள். பின்னால் ஏதோ பாத்திரம் கழுவும் சத்தம். ரேகா விஷயத்தைக் கடகடவென்று சொன்னாள். படிவம், ஆதார், ஐந்து மணி. தண்டையார்பேட்டை நேதாஜி நகரிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிடம். பாத்திரச் சத்தம் நின்றது.

"இத்த யாரு சொல்லச் சொன்னது?"

ரேகா செங்கொடியைப் பார்த்தாள். "அக்காதான்."

"அதுக்கு வாயில்லியா? எனுதுன்னு ஆபீசரான்ட சொல்ல வாயி இருந்துச்சில்ல? என்னாண்ட பேச ஆளு வெக்குதா?" ஃபாத்திமாவின் குரல் உயரவில்லை. "மூணு நாளா கேட்டுகினு கீறேன் ரேகா, ஊரே வந்து சொல்லுது, அது சொல்லல. ஜனங்க பேசறது நெஜமோ பொய்யோ, அது ஒரு போனு போட்டு, ஃபாத்தி, இப்டி ஆயிப்போச்சுடின்னு சொல்லக் கூடாதா? பதினோரு வருஷம். எடம் அதோடதுதான், நான் இன்னிக்கும் இல்லேன்னு சொல்லல. நீ வெச்சுடு."

வைத்துவிட்டாள்.

சூப்புக் கடைக்காரரும் மகிமாவும் கொஞ்சம் தள்ளிப்போய் நின்றார்கள். அன்பரசன் கடிகாரத்தைப் பார்த்தார். நாலு நாற்பது. "அம்மா, இவங்க வரலேன்னா பதினேழு உங்க பேர்லயே முழு நேரமும் இருக்கட்டும். உங்களுக்கு ஒண்ணும் நஷ்டமில்ல. எழுதிடவா?"

"இருங்க சார்."

"நான் அஞ்சு மணிக்குள்ள கம்ப்யூட்டர்ல ஏத்தணும்."

"இருங்கன்றேன்ல."

அவர் போனில் பேட்டரி எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டார். செங்கொடி இடுப்பிலிருந்து தன் போனை எடுத்தாள். காலையிலிருந்து அந்தப் பெயர் வரை எத்தனை தடவை தள்ளியிருப்பாள்? விரல் வியர்த்திருந்ததால் திரை உடனே கேட்கவில்லை. புடவையில் துடைத்துவிட்டு மறுபடி தொட்டாள். மணி போகத் தொடங்கியது. எடுத்தால் முதல் வார்த்தை என்னவாக இருக்க வேண்டும்? வா என்பதா? தப்பு எம்மேல என்பதா? அந்த ஒரு நொடியைப் பற்றி, காதுக்கு நன்றாக இருந்ததைப் பற்றிச் சொல்லாமல் வேறு எதைச் சொன்னாலும் ஃபாத்திமா கண்டுபிடித்துவிடுவாள். அதைச் சொன்னால் வருவாளா?

மணி போய்ப் போய் நின்றது. நீங்கள் அழைத்த வாடிக்கையாளர் என்று ஒரு பெண் குரல் தொடங்கியது. செங்கொடி அதை முடிக்க விடாமல் வெட்டினாள்.

"எடுக்காது விடுக்கா" என்றாள் ரேகா. "நான் வேணா ஆட்டோ புட்ச்சிகினு போயி இட்டாரவா?"

"நீ போவாத. நீ போனா அதையும் நான் அனுப்புனதாப் பூடும்."

"அப்போ நீ போ."

"நான் போனா இங்க யாரு நின்னு கையெழுத்துப் போடறது?"

நாலு நாற்பத்து நாலு. பாலகணேஷ் கடை வாசலில் வந்து நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். செங்கொடி சுவரின் பக்கம் திரும்பி நின்றாள், யாருக்கும் முகம் தெரியாதபடி. மறுபடியும் அந்தப் பெயரைத் தொட்டாள். போனைக் காதோடு அழுத்தி, இன்னொரு காதைக் கையால் பொத்திக்கொண்டாள்.

மணி போனது. ஒன்று. இரண்டு. மூன்று. "எடு ஃபாத்தி" என்றாள், வாய்க்குள்ளேயே. நாலு. ஐந்து.